பத்தாம் வகுப்புக்குப் பின்னர் நம் பிள்ளை எங்கே?

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தையொட்டி நடைபெற்ற கல்வி அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் தமக்குரிய தொழிலைத் தேர்ந்தெடுப்பதில் பள்ளிக்கும் குடும்பத்துக்கும் உள்ள பங்கு என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. தேர்ந்தெடுத்தல் என்னும் அந்தச் சொல்லிலேயே நமக்கு ஓர் ஐயம் உண்டு. கடையில் பத்துத் துணிகளை விரித்துப் போட்டு ஒன்றை எடுப்பது தேர்ந்தெடுத்தல். ஒரே ஒரு துணியைக் காட்டி, இதுதான் இருக்கிறது, கட்டிக்கொள் என்றால் அதற்கு வேறு பெயர். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு முன்னால் பத்துத் துணிகள் விரிக்கப்படுகின்றன என்பதையே இன்று பேச விரும்புகிறோம்.

கருமத்தம்பட்டியில் வாழும் நமக்குத் தொழில் என்பது புத்தகத்தைப் படித்து அறிய வேண்டிய பொருளன்று. கூப்பிடு தூரத்தில் சோமனூர், அங்கே விசைத்தறி. கிழக்கே திருப்பூர், அங்கே பனியன் கம்பெனி. மேற்கே கோவை; அங்கே பஞ்சாலை, வார்ப்பாலை, கடைசல் பட்டறை. இவையெல்லாம் தாமாக முளைத்தவையல்ல. 1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. அதன் பின்னரே ஆலைகள் பெருகின. கிணறுகளுக்கு மோட்டார் வந்தது, மோட்டார் செய்யப் பட்டறைகள் வந்தன, பட்டறைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. நம் பாட்டனார் காலத்திலிருந்து இந்த மண் உழைக்கும் கைகளை வெறுங்கையாக அனுப்பியதில்லை. அதற்காக இறைவனுக்கு நன்றி செலுத்துகிறோம்.

ஆனால் இந்த வசதிக்குள்ளேயே ஒரு கண்ணியும் ஒளிந்திருக்கிறது. வேலை இல்லாத ஊர்களில் பிள்ளை படிப்பை விட்டால் சும்மா இருக்கவேண்டும். ஆகவே அவன் படிப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறான். நம் பகுதியிலோ பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாளே ஒரு பையனுக்குப் பனியன் கம்பெனியில் கைமடிக்கும் வேலை காத்திருக்கிறது. விடுமுறைக்கு என்றுதான் போகிறான். சனிக்கிழமை தோறும் கையில் சம்பளம் வருகிறது. தாயிடம் கொஞ்சம் கொடுக்கிறான், தாய் மகிழ்கிறாள். தனக்கென்று ஒரு செல்பேசி வாங்குகிறான். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, மறுபடியும் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வரிசையில் நிற்க அவனுக்கு மனம் வருவதில்லை. யாரும் அவனைப் படிப்பை விடச் சொல்லவில்லை. எவரும் முடிவெடுக்காமலேயே ஒரு முடிவு நடந்து முடிந்துவிடுகிறது.

அந்த வேலை நிலையானதா என்று கேட்டால், தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கே விடை தெரியும். 2014ஆம் ஆண்டுக்குப் பின்னர் கூலி உயர்வு முறையாகக் கிடைக்கவில்லை என்று கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்கள் 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாக நம் பகுதியில் தறிச் சத்தம் ஓய்ந்திருந்தது. 2025இலும் அவ்வாறே தறிகள் நின்றன. தறி நிற்கும் மாதத்தில் வீட்டில் முதலில் தள்ளிப்போடப்படுவது பெரும்பாலும் பள்ளிக் கட்டணமே. தறி மீண்டும் ஓடத் தொடங்கும்போது, தார் மாற்ற ஓர் ஆள் வேண்டும் என்று படிக்கும் மகனையே கூப்பிடுகிறோம்.

பிள்ளைகளின் மனத்தில் தொழில் பற்றிய எண்ணம் எப்படி உருவாகிறது என்பது பற்றி அமெரிக்க உளவியலறிஞர் லிண்டா காட்ஃபிரட்சன் 1981ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். பிள்ளைகள் தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு நெடுங்காலம் முன்பே தொழில்களைக் கழித்துக்கட்டத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது அவர் கூற்று. ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வயதுக்குள், இது ஆண்களின் வேலை, இது பெண்களின் வேலை என்று பிரித்துப் பாதியைத் தள்ளிவிடுகிறார்கள். ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குள், இது மதிப்பான வேலை, இது மதிப்பில்லாத வேலை என்று பிரித்து இன்னும் பலவற்றைத் தள்ளுகிறார்கள். எட்டாத உயரம் என்று தோன்றுபவையும் அப்போதே கழிகின்றன. பதினான்கு வயதுக்குப் பின்னர்தான், எனக்கு எது பிடிக்கும், எனக்கு எது வரும் என்ற கேள்வி எழுகிறது. அதற்குள் பையில் மிஞ்சியிருப்பவை மிகச் சிலவே.

இதைப் படித்தபோது நம் வீடுகள்தாம் நினைவுக்கு வந்தன. ஏழு வயதுப் பெண் குழந்தை திருப்புளியை எடுத்து மின்விசிறியைக் கழற்றப் பார்த்தால், அதை வை, உனக்கு எதற்கு அது என்கிறோம். பத்து வயதுப் பையன் கணக்கில் மதிப்பெண் குறைந்தால், இப்படியே இருந்தால் தறிக்குத்தான் போகவேண்டும் என்கிறோம். தறியில் நின்று அவனுக்குச் சோறு போடும் தந்தையே இதைச் சொல்கிறார். தாம் பட்ட பாடு பிள்ளை படக்கூடாது என்ற பாசத்தில் சொல்லும் சொல்தான் அது. ஆனால் பிள்ளையின் காதில் அது வேறு விதமாக விழுகிறது. கையால் செய்யும் தொழில் தண்டனை என்று அவன் எடுத்துக்கொள்கிறான். ஐந்தாண்டு கழித்து, ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பிரிவு இருக்கிறது, பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் இருக்கிறது என்று நாம் சொன்னால் அவன் முகம் சுளிக்காமல் என்ன செய்வான்?

தாவூத் (அலை) அவர்கள் போர்க்கவசம் செய்தார்கள், தம் கைத்தொழிலின் வருவாயிலேயே உண்டார்கள் என்பதை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பதும் ஹதீஸ் நூல்களில் வருகிறது. நபிமார்களின் கைத்தொழிலைக் கேட்டுச் சிலிர்க்கும் நாம், மகளுக்கு வரன் பார்க்கும்போது மட்டும் பட்டறைக்காரப் பையனா என்று ஒரு கணம் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனிப் பள்ளிக்கு வருவோம். தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததிலிருந்து, பதினைந்து வயதில் ஒரு பிள்ளை எந்தப் பிரிவில் சேர்கிறது என்பதே அதன் வாழ்வில் பாதியை முடிவு செய்துவிடுகிறது. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள பிரிவு முதல் மதிப்பெண்காரர்களுக்கு. அதற்கடுத்தது கணினி அறிவியல். அதற்கும் கீழே வணிகவியல். கடைசியாக மிஞ்சியவர்களுக்குத் தொழிற்பிரிவு. இவ்வாறு மதிப்பெண் ஏணியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பள்ளிகளே மிகுதி. வணிகவியலில் பட்டயக் கணக்காளராகும் அளவுக்குத் திறனுள்ள பிள்ளை, நல்ல மதிப்பெண் பெற்ற ஒரே குற்றத்துக்காக உயிரியல் பிரிவில் உட்கார வைக்கப்படுகிறது. இத்தனை மார்க் வாங்கிவிட்டு காமர்ஸ் எடுப்பதா என்று உறவினர் அனைவரும் கேட்கிறார்கள். விரும்பி எடுக்கவேண்டிய பாடம் மதிப்பெண்ணுக்குக் கிடைத்த பரிசாகவோ தண்டனையாகவோ ஆகிவிடுகிறது.

இன்னொரு கொடுமையும் இருந்தது. பதினோராம் வகுப்புப் பாடத்தை மேலோட்டமாக நடத்திவிட்டு, அந்த ஆண்டே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவது பல தனியார் பள்ளிகளில் வழக்கமாக இருந்தது. அதைத் தடுக்கவே 2018 மார்ச்சில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. பிள்ளைகளின் சுமையைக் குறைக்க வேண்டும் என்று 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை நீக்கியது. சுமை குறைந்தது நல்லதே. ஆனால் பதினோராம் வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்டறியும் பொறுப்பு இப்போது பெற்றோரின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது.

நம் ஆசிரியர்களைக் குறை சொல்வது நமது நோக்கமன்று. ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், ஒவ்வொரு மாதமும் தேர்வு, நூறு விழுக்காடு தேர்ச்சி என்ற நெருக்கடி. இவற்றுக்கிடையில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து, உன் கைக்கு இது வரும் என்று சொல்ல ஓர் ஆசிரியருக்கு நேரம் எங்கே? என்றாலும் அப்படிச் சொன்ன ஒருவரால்தான் பலர் வாழ்வு மாறியிருக்கிறது.

இதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு பெரும் சான்று உண்டு. ஜைத் இப்னு தாபித் (ரலி) அவர்களை நாம் குர்ஆனைத் தொகுத்தவர் என்று அறிவோம். அவர்களின் சிறு பருவத்தை நினைத்துப் பாருங்கள். தந்தையை இழந்த பிள்ளை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது பதினொரு வயது. பத்ருப் போருக்குச் செல்ல ஆசைப்பட்டார். வயது போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டார். அந்த வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும்! ஆனால் அவருடைய குடும்பத்தாரும் உறவினரும் அவர் மனப்பாடம் செய்திருந்த அத்தியாயங்களை எடுத்துச் சொல்லி அவரை நபி (ஸல்) அவர்களிடம் அறிமுகப்படுத்தினார்கள். நபியவர்கள் அவரை ஓதச் சொல்லிக் கேட்டார்கள். அவருடைய நினைவாற்றலைக் கண்டு, யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். வெளியாரோடு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு நம்பிக்கையான ஆள் தேவைப்பட்ட காலம் அது. அரை மாதத்துக்குள் அவர் கற்றுத் தேர்ந்தார் என்று ஹதீஸ் நூல் கூறுகிறது. பின்னர் வஹீயை எழுதுபவரானார். வாரிசுரிமைக் கணக்கில் நிகரற்ற அறிஞரானார். யமாமா போருக்குப் பின்னர் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் குர்ஆனைத் தொகுக்கும் பணியை அந்த இளைஞரிடமே ஒப்படைத்தார்கள்.

இதில் குடும்பம் செய்தது என்ன, ஆசான் செய்தது என்ன என்று பிரித்துப் பாருங்கள். பிள்ளையிடம் இருக்கும் திறனைக் குடும்பம் கவனித்து வைத்திருந்தது. உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆசானோ அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார், சோதித்துப் பார்த்தார், சமுதாயத்துக்கு எது தேவையோ அதோடு அந்தத் திறனை இணைத்துவிட்டார். வாளெடுக்க ஆசைப்பட்ட கையில் எழுதுகோல் வந்தது. போருக்கு உதவாத பிள்ளை என்று எவரும் அவரை ஒதுக்கவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற ஒரு பிள்ளையை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதை இதோடு வைத்துப் பார்க்கவேண்டும்.

நம் காலத்துக்கு வந்தால், இராமேசுவரத்து ஜைனுலாப்தீன் அவர்களின் மகன் அப்துல் கலாம் அவர்களைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவுறாது. அவர் பெயரைச் சொல்லிக் கனவு காணுங்கள் என்று முடித்துவிடுவது மேடைகளின் வழக்கம். கனவு மட்டும் போதுமானால் அவர் விமானப் படையின் விமானியாக ஆகியிருப்பார். உண்மையில் நடந்தது என்ன என்று பார்ப்பதே பயன் தரும்.

1931இல் பிறந்தவர். ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஓர் ஆசிரியர், தொப்பியணிந்த இந்தப் பிள்ளை அர்ச்சகர் மகனோடு ஒரே பலகையில் அமரக்கூடாது என்று பின்வரிசைக்கு அனுப்பினார். அர்ச்சகரான இலட்சுமண சாஸ்திரிகளே அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார். அதே பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற அறிவியல் ஆசிரியரும் இருந்தார். பறவை பறக்கும் விதத்தைப் பாடம் நடத்தி, பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறக்கும் பறவைகளையே காட்டினார். ஒரே கட்டடத்துக்குள் ஒரு பிள்ளையைச் சுருக்கிய கையும் இருந்தது, விரித்த கையும் இருந்தது. பள்ளி என்றால் கட்டடமன்று, அதற்குள் பிள்ளை சந்திக்கும் மனிதர்களே என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

வீட்டிலோ, அவர் ஆட்சித் தலைவராக வரவேண்டும் என்பது தந்தையின் கனவு. இராமநாதபுரத்தில் பள்ளிப் படிப்பின்போது அந்தக் கனவை நிறைவேற்றுவது தம் கடமை என்றே கலாம் நினைத்திருக்கிறார். மைத்துனர் அகமது ஜலாலுத்தீன் உலகச் செய்திகளைச் சொன்னார். உறவினர் சம்சுத்தீன் செய்தித்தாள் போடும் வேலையில் உதவிக்குச் சேர்த்து முதல் சம்பளத்தைக் கொடுத்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்த பின்னர்தான், தமக்கு உரியது பொறியியல் என்று அவர் உணர்ந்தார். பதினைந்து வயதில் அல்ல, பட்டம் பெற்ற பின்னர்! சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தையிடம் அவ்வளவு இல்லை. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கல்லூரி வளாகத்தில் காட்சிக்கு நிறுத்தப்பட்டிருந்த பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்து விமானப் பொறியியலை எடுத்தார். படிப்பு முடிந்து 1958இல் விமானப் படைத் தேர்வுக்கு டேராடூன் சென்றார். இருபத்தைந்து பேரில் ஒன்பதாமவராக வந்தார். எடுத்தது எட்டுப் பேரை. அதன் பின்னர்தான் பாதுகாப்புத் துறையில் அறிவியல் உதவியாளர் பணி, பிறகு ராக்கெட், மற்றவை நாடறிந்தவை.

ஆட்சித் தலைவர் ஆகவில்லையே என்று அந்தத் தந்தை மகனைக் கடிந்ததாக எங்கும் இல்லை. வழி மாறும்போதெல்லாம் அந்த வீடு அவரோடு சேர்ந்து மாறிக்கொண்டது. அந்த வளையல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சகோதரி தம் நகையைச் சகோதரனின் படிப்புக்குக் கொடுத்தார் என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். நம் ஊர் வீடுகளிலும் வளையல் அடகுக்குப் போகிறது. ஆனால் அது பெரும்பாலும் கலியாணத்துக்கோ விசாவுக்கோ போகிறது. சகோதரியின் படிப்புக்காகத் தன் இருசக்கர வாகனத்தை விற்ற சகோதரன் யாராவது இருந்தால் அவர் கதையையும் இந்த மேடையில் சொல்ல ஆசைப்படுகிறோம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே பேச வேண்டியிருக்கிறது. நம் பகுதியில் ஒரு மாணவியின் மேற்படிப்பை முடிவு செய்வது பாடமன்று, பேருந்து. எந்தக் கல்லூரி வண்டி நம் தெருமுனைக்கு வருகிறதோ அந்தக் கல்லூரியில், அங்கே எந்தப் பிரிவில் இடம் இருக்கிறதோ அந்தப் பிரிவில் சேர்க்கிறோம். பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது. அதைக் கேலி செய்ய மாட்டோம். ஆனால் நாற்பது வீடுகளில் இருக்கும் அதே கவலையை நாற்பது பேரும் தனித்தனியே சுமப்பானேன்? ஐந்தாறு மாணவியர் சேர்ந்து ஒரே கல்லூரிக்குச் செல்ல ஏற்பாடு செய்தால் அந்தக் கவலையில் பாதி தீர்ந்துவிடும்.

2023ஆம் ஆண்டு செப்டம்பரில் சூரியனை ஆராய ஆதித்யா எல்-1 விண்கலம் ஏவப்பட்டபோது அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் நிகார் ஷாஜி. செங்கோட்டையைச் சேர்ந்தவர். தந்தை ஷேக் மீரான் கணிதப் பட்டம் பெற்றும் விவசாயத்தையே தொழிலாகக் கொண்டவர். மகள் படித்தது அரசு பெண்கள் பள்ளியில். பின்னர் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில். 1987இல் விண்வெளி ஆய்வு மையத்தில் சேர்ந்தார். 1980களில் செங்கோட்டையில் ஒரு முஸ்லிம் குடும்பம் மகளைப் பொறியியல் படிக்க வெளியூர் அனுப்பியது என்றால் உறவினரில் எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசியிருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். சொந்த விருப்பத்தால் தொழிலைத் தேர்ந்த ஒரு தந்தைக்கு மகளின் விருப்பத்தின் மதிப்பும் தெரிந்திருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம் கொங்கு நாட்டிலேயும் ஒருவர். பொள்ளாச்சி அருகில் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை, பள்ளி ஆசிரியரின் மகன். தமிழ்வழியில் படித்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் பூ.சா.கோ. கல்லூரியிலும் பயின்று, 2008இல் சந்திரயான்-1 திட்டத்தை நடத்தினார். தமிழ்வழிப் பள்ளி என்றால் தாழ்வு என்று எண்ணிக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் பெற்றோர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அவர் படித்த அரசு தொழில்நுட்பக் கல்லூரி எப்படி வந்தது என்பதும் நம் பையன்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி. ஏனெனில் படிப்பை விடும் பையன்கள் நம்மிடம் சொல்லும் ஆயத்த விடை ஒன்று உண்டு: ஜி.டி. நாயுடு படித்தாரா? சூலூர் அருகே கலங்கலில் 1893இல் பிறந்த அவர் பள்ளியை இடையிலேயே விட்டது உண்மை. உணவகத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றி மாட்டிப் பொறியியலைக் கற்றதும் உண்மை. 1920இல் பொள்ளாச்சி - பழனி தடத்தில் ஒற்றைப் பேருந்தோடு தொடங்கினார். 1937இல் அவரது முயற்சியில் மின்மோட்டார் உருவானது. ஆனால் பள்ளியை விட்ட அந்த மனிதர் 1945இல் என்ன செய்தார்? தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றை உருவாக்க முன்னின்றார். அன்றைய ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் அது தொடங்கியது. நாம் அவிநாசி சாலையில் கோவைக்குப் போகும்போதெல்லாம் நடத்துனர் கூவும் ஹோப் காலேஜ் என்னும் நிறுத்தத்தின் பெயர் அந்த வகையில் வந்ததே. கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்குப் போய் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. பெயர் மட்டும் நிறுத்தத்தில் தங்கிவிட்டது. இத்தனை ஆண்டுகள் எதற்கு, இதைவிடக் குறைந்த காலத்திலேயே கற்பிக்கலாம் என்பது அவர் வாதமே தவிர, படிப்பே வேண்டாம் என்பதன்று. கைமடிக்கப் போகும் பையன், இயந்திரத்தைக் கழற்றி மாட்டும் ஆர்வம் தனக்கு இருக்கிறதா என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். இருக்கிறது என்றால் அவனுக்கு ஐ.டி.ஐ. இருக்கிறது. அங்கிருந்து பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக்கிலிருந்து பொறியியல் கல்லூரியிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இந்த ஏணி இருப்பது நம்மில் பலருக்குத் தெரியவே இல்லை. வளைகுடா செல்பவர்களுக்கும் இதைச் சொல்கிறோம். கையில் தொழிற்சான்றிதழோடு விமானம் ஏறுபவருக்கும் வெறுங்கையோடு ஏறுபவருக்கும் அங்கே நடக்கும் கதை வேறு வேறு.

தெரியாமை நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கையில், 41 நாடுகளின் பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் கேட்டதில் ஆண்களில் 47 விழுக்காட்டினரும் பெண்களில் 53 விழுக்காட்டினரும் வெறும் பத்தே தொழில்களின் பெயரைச் சொன்னதாக வருகிறது. செல்வ நாடுகளிலேயே இப்படி. நம் வீடுகளில் டாக்டர், இன்ஜினியர், டீச்சர், போலீஸ், கலெக்டர் என்று ஐந்தோடு நின்றுவிடுவதில் வியப்பில்லை. தலைக்கு மேல் சூலூர் விமானப் படைத் தளத்தின் விமானங்கள் நாள்தோறும் பறக்கின்றன. அந்தத் தளத்தில் என்னென்ன பணிகள் உண்டு, எதற்கு எப்படி விண்ணப்பிப்பது என்று இங்கிருக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வேளாண் பல்கலைக்கழகம் கோவையில் இருக்கிறது. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ரா 1956 முதல் கோவையில் இருக்கிறது. பின்னலாடை வடிவமைப்புக்குத் திருப்பூரிலேயே கல்லூரி இருக்கிறது. தறியோடு பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ஜவுளித் தொழில்நுட்பம் அந்நியப் பாடமா? நூலைக் கையால் தொட்டே அதன் எண்ணைச் சொல்லும் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அந்த அறிவுக்கு மதிப்பெண் போட எவரும் இல்லை, அவ்வளவே.

நீதிபதி ராஜீந்தர் சச்சார் குழு 2006 நவம்பரில் அளித்த அறிக்கையை நாம் மறந்துவிடவில்லை. ஆறு முதல் பதினான்கு வயதுக்குள் இருந்த முஸ்லிம் பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது இடையில் நின்றவர் என்றும், நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பில் 25 பேருக்கு ஒருவரே முஸ்லிம் என்றும் அது கூறியது. அது நாடு முழுமைக்குமான கணக்கு. தமிழகத்தின் நிலை அதைவிட நன்று. 2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு அளித்தது. ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்கு உரிய சாதிச் சான்றிதழை, கலந்தாய்வுக்கு முதல் நாள் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்று கேட்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழால் கட்டணச் சலுகை உண்டு என்பதும் பலர் அறியாததே. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021இலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. தனியார் பள்ளி மோகத்தில் ஏழாம் வகுப்பில் பிள்ளையை மாற்றுகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கில்லை: சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை மத்திய அரசு 2022இல் நிறுத்திவிட்டது. கிடைப்பதைக் கேட்டுப் பெறாவிட்டால் கிடைப்பதும் போகும்.

தேர்வு முடிவு வரும் நாளைப் பற்றியும் தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவ இடம் கிடைக்கவில்லை என்று உயிரையே மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் செய்தியை நம் மாநிலம் பலமுறை கண்டுவிட்டது. அந்த நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். பிள்ளை சாப்பிட்டதா என்று கேளுங்கள். அன்றிரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் 104 உதவி எண் இருக்கிறது; மேற்படிப்பு பற்றிய ஐயங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது.

நிறைவாக, ஜமாஅத் நிர்வாகத்தின் இசைவோடு ஓர் ஏற்பாட்டை அறிவிக்கிறோம். நம் மஹல்லாவிலேயே மின்பணியாளர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், வங்கி ஊழியர் இருக்கிறார், ஏற்றுமதி நிறுவனத்தில் தரம் பார்ப்பவர் இருக்கிறார், கடைசல் பட்டறை வைத்திருப்பவர் இருக்கிறார், ஆலிம்கள் இருக்கிறார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மதரஸா கூடத்தில் அமர்ந்து, தம் வேலையில் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார்கள், எவ்வளவு படித்தார்கள், எவ்வளவு சம்பளம், என்ன தொல்லை என்று பிள்ளைகளிடம் ஒளிவு மறைவின்றிச் சொன்னால் போதும். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். பட்டறைக்காரர்கள் பிள்ளைகளைத் தம் பட்டறைக்கே அழைத்துப்போய்க் காட்டினால் இன்னும் நல்லது. பெண் பிள்ளைகளுக்குத் தனி அமர்வு; அதைப் பணிபுரியும் சகோதரிகளே நடத்துவார்கள். இதே கூடத்தில் சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கவும் உதவி செய்யப்படும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் வரவேண்டும். பத்தாம் வகுப்பில் வந்தால் காலம் குறைவு.

பெயர் தர விரும்பும் தொழில் செய்வோரும், பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் பெற்றோரும் இன்று அஸர் தொழுகைக்குப் பின்னர் செயலாளர் அவர்களிடம் பதிவு செய்துகொள்ளலாம். பதிவேடு அலுவலக அறையில் வைக்கப்பட்டிருக்கிறது.

வஸ்ஸலாம்.